சண்முகம் செட்டியாரும் ஒரு மசோதாவின் பயணமும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிக்கென்று தனி ரூபாய் நோட்டு இருந்தது. அதை வெளியிட்டது இந்தோசீன வங்கி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்த பிறகு அந்த நோட்டு வழக்கொழிந்தது. இன்று நெல்லித்தோப்பு அங்காடியில் மீன் வாங்குபவரும் காய்கறி விற்பவரும் கைமாற்றிக் கொள்ளும் நோட்டில் இந்திய ரிசர்வ் வங்கியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.

அந்தப் பெயர் அவ்வளவு எளிதில் வந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கியை உருவாக்குவதற்கான மசோதா 1927-இல் முதன்முதலாக அறிமுகமானது. குழுவுக்குச் சென்றது, திருத்தப்பட்டது, கைவிடப்பட்டது. மீண்டும் 1933-இல் அறிமுகமாகி, மீண்டும் குழுவுக்குச் சென்று, 1934-இல் சட்டமானது. இடையில் ஏழு ஆண்டுகள் ஓடின.

மத்திய சட்டப்பேரவை அந்த மசோதாவை நிறைவேற்றியபோது அவைத் தலைவராக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை அளித்தவர் என்ற ஒற்றை வரியில் மட்டுமே இன்றைய தலைமுறை அவரை அறியும். ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் வாழ்க்கையை மற்றொரு கோணத்திலும் காண வேண்டியிருக்கிறது. ஒரு மசோதா எப்படிப் பிறக்கிறது, குழுவில் என்னவாகிறது, குழுவின் கருத்து எவ்வளவு காலம் கழித்துப் பயன் தருகிறது என்பதற்கு அவருடைய பொது வாழ்க்கை நல்லதொரு பாடம்.

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17-ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917-இல் கோயம்புத்தூர் நகராட்சி உறுப்பினரானார். நகராட்சியின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1920-இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீதிக்கட்சியில் தொடங்கிய அவருடைய அரசியல், சில ஆண்டுகளில் சுயராஜ்யக் கட்சியின் பக்கம் திரும்பியது. 1924-இல் தில்லியிலுள்ள மத்திய சட்டப்பேரவையில் உறுப்பினராக நுழைந்த அவர், அங்கு சுயராஜ்யக் கட்சியின் தலைமைக் கொறடாவாகச் செயல்பட்டார்.

அன்றைய மத்திய சட்டப்பேரவையின் நிலையை இங்கு விளக்க வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த அவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பெரும்பான்மையினர். ஆனால், அரசு அவைக்குக் கட்டுப்பட்டதல்ல. நிதித்துறையை நிர்வகித்த ஆங்கிலேய உறுப்பினரை அவையால் பதவி இறக்க முடியாது. அவை மறுத்தாலும் தலைமை ஆளுநர் தம் தனி அதிகாரத்தால் ஒரு மசோதாவைச் சட்டமாக்கிவிட முடியும். 1923-இல் உப்பு வரி இருமடங்காக உயர்த்தப்பட்டது அந்த வகையில்தான்.

இத்தகைய அவையில் இந்திய உறுப்பினர்களுக்கு இருந்த மெய்யான கருவி ஒன்றே. மசோதாவை வரிக்கு வரி ஆராயும் உரிமைதான் அது. ஒரு மசோதாவை அறிமுகப்படுத்த அவையின் அனுமதி வேண்டும். அறிமுகமான பின் அரசிதழில் அது வெளியாகும். அதன் பிறகு அவையே அதை நேரடியாக விவாதிக்கலாம்; பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடலாம்; தேர்வுக்குழுவுக்கோ, ஈரவைகளின் கூட்டுக்குழுவுக்கோ அனுப்பலாம். குழுவில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே ஆராயப்படும். பெரும்பான்மையோடு உடன்படாதவர்கள் தங்கள் மாற்றுக் கருத்தை எழுத்தில் பதிவு செய்யலாம். தோற்றவரின் வாதமும் அறிக்கையில் நிலைத்திருக்கும் என்பதே இந்த முறையின் சிறப்பு.

ரிசர்வ் வங்கி மசோதா இந்த வழியில்தான் வந்தது. இந்திய நாணய முறையை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையம் 1926-இல் மத்திய வங்கி ஒன்றை அமைக்கப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் நிதித்துறை உறுப்பினர் பாசில் பிளாக்கெட் 1927 ஜனவரியில் மசோதாவை அறிமுகப்படுத்தினார். மசோதா ஈரவைகளின் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

குழுவில் மூன்று கேள்விகள் முன்னின்றன. வங்கியின் உரிமை யாருக்கு, பங்குதாரர்களுக்கா, அரசுக்கா? இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்? சட்டமன்ற உறுப்பினர்கள் இயக்குநராகலாமா? வங்கி தனியார் பங்குதாரர்களுக்கு உரியதாக இருக்க வேண்டும், அரசியலிலிருந்து அது விலகியிருக்க வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. பங்குகள் ஐரோப்பிய வணிக நிறுவனங்களிடமும் ஒரு சில செல்வர்களிடமும் குவிந்துவிடும், நாட்டின் நாணயம் நாட்டுக்குப் பொறுப்பான கையில் இருக்க வேண்டும் என்பது தேசியவாதிகளின் அச்சமும் வாதமும். கூட்டுக்குழுவின் பெரும்பான்மை அரசின் திட்டத்தை மாற்றி, வங்கி அரசுக்கு உரியதாக அமைய வேண்டும் என்று முடிவெடுத்தது. ஓர் அடிமை நாட்டின் சட்டமன்றக் குழு, தன்னை ஆள்பவர்களின் மசோதாவை அடிப்படையிலேயே திருத்திய நிகழ்வு அது.

அரசால் அதை ஏற்க முடியவில்லை. சமரசப் பேச்சுகள் நடந்தன, முறிந்தன. 1928-இன் தொடக்கத்தில் பிளாக்கெட் புதிய மசோதா ஒன்றுடன் அவைக்கு வந்தார். பழைய மசோதா குழுவால் திருத்தப்பட்டு அவையின் முன் நிலுவையில் இருந்தபோதே, அதை ஒதுக்கிவிட்டு அதே பொருளில் வேறொன்றை அறிமுகப்படுத்துவது அவருடைய திட்டம். அவைத் தலைவராக இருந்த விட்டல்பாய் படேல் அதை அனுமதிக்க மறுத்தார். ஒரு மசோதா அவையின் பரிசீலனையில் இருக்கும்போது அதே நோக்கமுள்ள மற்றொன்றைக் கொண்டு வருவது அவையின் நடைமுறைகளைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். வேறு வழியின்றி அரசு பழைய மசோதாவையே எடுத்துக்கொண்டது. பிப்ரவரியில் முக்கியமான பிரிவொன்றில் அவையில் தோற்றதும் மசோதாவை முற்றிலும் கைவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது அறிமுகக் கட்டத்தைப் பற்றிய நடைமுறைச் சிக்கல். ஆனால், அதன் உட்பொருள் பெரிது. ஒரு குழு மசோதாவைத் திருத்திவிட்டதால் அரசு அந்தக் குழுவையே தாண்டிச் சென்றுவிட முடியுமா என்பதுதான் அன்று எழுந்த கேள்வி. முடியாது என்றார் படேல். அப்போது அவையில் சுயராஜ்யக் கட்சியின் இளம் உறுப்பினராக இருந்த சண்முகம் செட்டியார், ஐந்தாண்டுகளில் அதே தலைவர் இருக்கைக்கு வந்து சேர்ந்தார்.

1931-இல் அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1933 மார்ச்சில் தலைவரானார். அந்த ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி நிதித்துறை உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் ரிசர்வ் வங்கி மசோதாவை மீண்டும் அறிமுகப்படுத்தினார். இம்முறையும் அது கூட்டுக்குழுவுக்குச் சென்றது. நவம்பரில் குழு அறிக்கை அளித்தது. டிசம்பர் 22-ஆம் தேதி அவை மசோதாவை நிறைவேற்றியது. 1934 பிப்ரவரியில் மேலவையும் நிறைவேற்றியது; மார்ச் 6-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி வங்கி செயல்படத் தொடங்கியது.

இந்தத் தேதிகளை விரிவாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. குழுவுக்கு அனுப்பினால் மசோதா முடங்கிவிடும் என்பது இன்று அடிக்கடி கேட்கும் வாதம். நாட்டின் நாணயத்தையும் வங்கி அமைப்பையும் நிர்ணயிக்கும் ஒரு பெரும் சட்டம், அறிமுகம், கூட்டுக்குழு, பிரிவு வாரியான விவாதம் அனைத்தையும் கடந்து மூன்றரை மாதங்களில் கீழவையில் நிறைவேறியிருக்கிறது.

இம்முறை பங்குதாரர் வங்கி என்ற கருத்தே வென்றது. 5 கோடி ரூபாய் மூலதனம் 100 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. எனினும், 1927-இல் எழுந்த அச்சம் வீணாகவில்லை. பங்குகள் ஓரிடத்தில் குவியாதிருக்க பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை, ரங்கூன் என ஐந்து வட்டாரப் பதிவேடுகள் ஏற்படுத்தப்பட்டன. வேளாண் கடனுக்கென்று வங்கிக்குள்ளேயே ஒரு தனித்துறை இருக்க வேண்டும் என்று சட்டமே விதித்தது. உழவரை மையமாகக் கொண்ட நாட்டின் மத்திய வங்கி, லண்டனில் இருந்த மத்திய வங்கியின் நகலாக மட்டும் இருந்துவிட முடியாது என்ற உணர்வு சட்டத்தில் இடம்பெற்றது.

தலைவர் பதவி அவருக்கு அரசியலில் பாதுகாப்பு எதையும் தரவில்லை. 1932-இல் ஒட்டாவாவில் நடந்த பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் பங்கேற்றிருந்தார். பேரரசு நாடுகளுக்கு வரிச்சலுகை அளித்த அந்த ஒப்பந்தத்தைத் தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். 1933-இல் அவருக்கு ஆங்கில அரசின் சர் பட்டமும் கிடைத்தது. 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியிடம் அவர் தோற்றார். அவைத் தலைவராக இருந்தவரை மக்களாட்சி உணர்வு வீட்டுக்கு அனுப்பியது. அது நியாயமா என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். தலைவர் இருக்கையில் அமர்ந்தவரும் வாக்காளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

1935 முதல் 1941 வரை அவர் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சியில் அவருடைய பங்கு பெரிது. எர்ணாகுளத்தில் கடலை ஒட்டிச் செல்லும் சண்முகம் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது வேறொன்று. 1938-இல் கொச்சியில் ஆட்சித்துறைகள் சில, சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. சமஸ்தானங்களில் இத்தகைய ஏற்பாடு அதுவே முதல்முறை. மன்னராட்சியின் திவானாக இருந்துகொண்டே, சட்டமன்றத்துக்கு ஓரளவேனும் அதிகாரம் செல்லும் மாற்றத்தை நடைமுறைப்படுத்தியவர் அவர்.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடைபெற்ற மாநாட்டில் பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் கருக்கொண்டன. ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றார். போர்க்காலத்தில் இந்தியா அளித்த பொருள்களுக்காக பிரிட்டன் செலுத்த வேண்டியிருந்த ஸ்டெர்லிங் நிலுவைகளைப் பற்றி இந்தியக் குழு அங்கு உறுதியாக வாதாடியது.

சுதந்திரம் வந்தபோது ஜவாஹர்லால் நேரு தம் அமைச்சரவையில் காங்கிரஸ் கட்சியைச் சாராத சிலரையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுள் சண்முகம் செட்டியார் நிதியமைச்சரானார். 1947 நவம்பர் 26-ஆம் தேதி அவர் அளித்த நிதிநிலை அறிக்கை ஏழரை மாதங்களுக்கானது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். செலவில் ஏறத்தாழ பாதி, அதாவது 92.74 கோடி ரூபாய், பாதுகாப்புக்குச் சென்றது. பிரிவினையும் அகதிகளின் துயரமும் உணவுப் பற்றாக்குறையும் சூழ்ந்திருந்த காலம் அது.

அந்த நெருக்கடியிலும் அவர் கையாண்ட இரண்டு சட்ட முயற்சிகள் கவனத்துக்குரியவை. முதலாவது, வங்கி நிறுவனங்கள் மசோதா. தனியார் வங்கிகள் அடுத்தடுத்து முறிந்து சேமிப்பாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், வங்கிகளை ஒழுங்குபடுத்தும் மசோதா 1944 நவம்பரில் முதலில் அறிமுகமானது. பேரவை கலைந்ததால் அது காலாவதியானது. 1946-இல் மீண்டும் வந்து தேர்வுக்குழுவுக்குச் சென்றது. நாடு பிரிந்ததும் சூழல் மாறியது. 1948 மார்ச்சில் சண்முகம் செட்டியாரின் காலத்தில் புதிய வடிவில் அறிமுகமாகி, 1949 மார்ச் 16 முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நம் வங்கி முறையை இன்றுவரை தாங்கி நிற்கும் சட்டம் அதுவே.

இரண்டாவது, ரிசர்வ் வங்கியை அரசுடைமையாக்கும் முடிவு. 1948 பிப்ரவரியில் அந்த முடிவை அவையில் அறிவித்தவர் சண்முகம் செட்டியார். அதற்கான சட்டம் செப்டம்பரில் நிறைவேறியது. 100 ரூபாய்ப் பங்கு ஒவ்வொன்றுக்கும் 118 ரூபாய் 10 அணா இழப்பீடு வழங்கப்பட்டு, 1949 ஜனவரி 1-ஆம் தேதி வங்கி நாட்டுடைமை ஆயிற்று.

1927-இல் கூட்டுக்குழுவின் பெரும்பான்மை என்ன சொன்னதோ, அதுவே இருபத்தோரு ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று. பங்குதாரர் வங்கிக்கான மசோதா நிறைவேறியபோது அவைத் தலைவராக இருந்தவரே, அதை அரசுடைமையாக்கும் முடிவை நிதியமைச்சராக அறிவிக்க நேர்ந்தது. அன்று தோற்ற கருத்து அழிந்துவிடவில்லை. குழுவின் அறிக்கையில் எழுத்தாக இருந்ததால், காலம் கனிந்தபோது அதை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. குழுவின் பணியை அந்தக் கூட்டத்தொடரின் வெற்றி தோல்வியை வைத்து மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆனால், அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவர் அமைச்சராக இல்லை. போர்க்காலத்தில் பெருலாபம் ஈட்டி வரி ஏய்த்தவர்களை விசாரிப்பதற்கென 1947-இல் தனிச் சட்டத்தின்கீழ் வருமான வரி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எந்த வழக்குகளை ஆணையத்துக்கு அனுப்புவது என்பதை அரசே முடிவு செய்யும். அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது குறித்து அவையில் கேள்வி எழுந்தது. சர்ச்சை வளர்ந்தது. 1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் பதவி விலகினார்.

ஒருவரின் வாழ்வை எழுதும்போது இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுக் கடப்பது நேர்மையாகாது. அவர் நோக்கத்தை எடைபோடுவது இந்தக் கட்டுரையின் வேலையன்று. நிகழ்ந்ததன் அமைப்பைக் கவனித்தால் போதும். ரிசர்வ் வங்கி மசோதாவின் ஒவ்வொரு சொல்லும் பல கண்களின் முன்னால் மாறியது. யார் மாற்றச் சொன்னார், யார் எதிர்த்தார், ஏன் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. வரி ஏய்ப்புப் பட்டியலில் நிகழ்ந்த மாற்றமோ அமைச்சகக் கோப்புக்குள் நிகழ்ந்தது. முன்னது அவருக்குப் புகழ் சேர்த்தது. பின்னது அவர் பதவியைப் பறித்தது. பலர் பார்வையில் எடுக்கும் முடிவு, முடிவெடுப்பவரையும் காக்கிறது. ஆட்சியில் இருப்போர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

பிற்காலத்தில் அவர் தமிழ்ப் பணியில் ஈடுபட்டார். தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு அவர் எழுதிய உரை 1946-இல் வெளிவந்தது. 1952-இல் சுயேச்சையாகப் போட்டியிட்டுச் சென்னை சட்டப்பேரவைக்குத் தேர்வானார். மறு ஆண்டு மே 5-ஆம் தேதி காலமானார். நகராட்சியில் தொடங்கி, மாகாணம், மத்திய அவை, சமஸ்தானம், அமைச்சரவை என்று சுற்றி, கடைசியில் மீண்டும் ஒரு சட்டமன்ற உறுப்பினராகவே அவருடைய வாழ்வு நிறைவுற்றது.

அவருடைய காலத்து அவையோடு இன்றைய நாடாளுமன்றத்தை ஒப்பிடும்போது கவலை எழுகிறது. 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் நம்மிடம் இயங்குகின்றன. இன்று 24 குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் உறுப்பினர்கள். ஆனால், மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் விதிகளில் இல்லை. பிஆர்எஸ் சட்டமன்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 14-ஆவது மக்களவையின் காலத்தில் 60 சதவீத மசோதாக்களும், 15-ஆவது மக்களவையில் 71 சதவீதமும் குழுக்களுக்குச் சென்றன. 16-ஆவது மக்களவையில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. 17-ஆவது மக்களவையில் 16 சதவீதமாக வீழ்ந்தது.

அயல் அரசின் கீழ் இருந்த, அதிகாரம் குறைந்த ஒரு பேரவை தன் மிக முக்கியமான பொருளாதார மசோதாவை இருமுறை கூட்டுக்குழுவுக்கு அனுப்பியது. முழு இறையாண்மை பெற்ற நாடாளுமன்றம் பல மசோதாக்களை அறிமுகமான சில நாள்களிலேயே நிறைவேற்றுகிறது. இதில் ஒரு முரண் இருப்பதை மறுக்க முடியாது.

குழுக்களை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டியதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா 2019 டிசம்பரில் அறிமுகமாகி, கூட்டுக்குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்து, 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. குழுவிலும் கட்சி வாரியாகவே வாக்களிப்பதென்றால் அது அவையின் சிறிய நகலாகிவிடும். குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதும் உண்மையே.

ஆயினும் எதிர்ப்பக்கச் சான்றுகளுக்குக் குறைவில்லை. திவால் சட்ட மசோதா 2015 டிசம்பரில் அறிமுகமானது. கூட்டுக்குழு 2016 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. மே மாதம் இரு அவைகளும் நிறைவேற்றின. ஆறு மாதங்களுக்குள் பணி முடிந்தது. மூன்று வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பரில் நிறைவேறின. தேர்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று மாநிலங்களவையில் எழுந்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. அந்தச் சட்டங்கள் நல்லவையா, தீயவையா என்ற விவாதத்துக்குள் செல்லாமலே ஒன்றைச் சொல்ல முடியும். உழவர் அமைப்புகளும் மாநில அரசுகளும் ஒரு குழுவின் முன் வந்து பேசியிருக்க வேண்டிய சொற்கள், தில்லியின் எல்லைச் சாலைகளில் பேசப்பட்டன. பொருளியலில் பரிமாற்றச் செலவு என்று ஒரு கருத்து உண்டு. சட்டம் இயற்றுமுன் கேட்கத் தவறிய கருத்துக்கான செலவை, இயற்றிய பின் நாடு வட்டியோடு செலுத்துகிறது.

காத்திருப்பின் வலியைப் புதுச்சேரி மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் 1962-இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அது அரசியலால் விளைந்த காலதாமதம். கிடப்பில் போடுவது வேறு, ஆராய்வது வேறு. முன்னதைக் கண்டிக்கும் சாக்கில் பின்னதைக் கைவிடக் கூடாது.

பிரெஞ்சு நாட்டிடமிருந்தே நாம் கற்கத்தக்கதும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்பிய மண் இது. அங்கு ஒவ்வொரு மசோதாவும் குழு ஒன்றுக்குச் சென்றாக வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதி. 1946-ஆம் ஆண்டு அரசமைப்பு, மசோதாக்களைக் குழுக்களில் ஆராய்வதை நாடாளுமன்றத்தின் கடமையாக்கியது. 1958-ஆம் ஆண்டு அரசமைப்பும் அவ்வாறே. அனுப்பலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இந்தியாவிலும் அத்தகைய விதி வேண்டும். அவசரச் சட்டம் தேவைப்படும் நேரங்களுக்கு விலக்கு அளிக்கலாம். அந்த விலக்குக்கான காரணத்தை எழுத்தில் அவைமுன் வைக்கச் செய்யலாம். குழு அறிக்கை அளிக்கக் காலவரையறை நிர்ணயிக்கலாம். பரிந்துரைகளை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று அமைச்சர் விளக்க வேண்டும் என்றும் விதிக்கலாம்.

இதில் புதுச்சேரிக்குத் தனி அக்கறையும் உண்டு. 543 பேர் கொண்ட மக்களவையில் நமக்கு ஒரே ஓர் உறுப்பினர், மாநிலங்களவையிலும் ஒருவரே. பேரவையின் இரைச்சலில் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 31 பேர் அமரும் குழு அறையில் அவர்களில் ஒருவர் இருந்தால், அவர் குரல் முப்பத்தொன்றில் ஒன்றாகக் கேட்கும். சிறிய நிலப்பரப்புகளுக்கும் சிறிய கட்சிகளுக்கும் குழுவே உண்மையான நாடாளுமன்றம். மசோதாக்கள் குழுவுக்குச் செல்லாதபோது முதலில் அவையிலிருந்து மறைவது இவர்களுடைய குரல்தான்.

நெல்லித்தோப்பு என்ற பெயரைக் கேட்கும்போது, மூத்தோர் சொல்லையும் முதுநெல்லியையும் ஒப்பிடும் நம் பழமொழி நினைவுக்கு வருகிறது. முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் தன்மை இரண்டுக்கும் பொது. குழுவின் திருத்தமும் அப்படித்தான். 1927-இல் ஆட்சியாளர்களுக்குக் கசந்தது 1948-இல் நாட்டின் கொள்கையாயிற்று. நம் சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நோட்டு அந்த நீண்ட பரிசீலனையின் விளைவு. சண்முகம் செட்டியாரை ஒரு நிதிநிலை அறிக்கைக்காக மட்டும் நினைவுகூர்வது போதாது. ஒரு மசோதாவுக்கு உரிய நேரத்தை உரிய இடத்தில் கொடுத்த ஓர் அவையின் தலைவராகவும் அவரை நினைக்க வேண்டும்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு),
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.